கிரிமினல் மைண்டெட்: எல்லாரும் கேட்கும் அதே கேள்விகள்

'கிரிமினல் மைண்டெட்' என்ற இந்த ராப் ஆல்பத்தை யாருக்கு அனுப்பினாலும் ஒரு வாரத்துக்குள் அதே கேள்விகள் திரும்பி வருகின்றன. முதல் கேள்வி பெரும்பாலும் அட்டைப்படத்தைப் பற்றி. கடைசிக் கேள்வி ஒரு சாவைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே வைத்து, பதில்களை இங்கே எழுதிவிட்டேன்.

இது யாரோட ஆல்பம்? சுருக்கமா சொல்லுங்க.

நியூயார்க்கின் 'பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ்' குழுவின் முதல் ஆல்பம். 1987-இல் 'பி-பாய் ரெக்கார்ட்ஸ்' என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. பத்துப் பாட்டு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ராப் பாடுபவர் கேஆர்எஸ்-ஒன். இசைத்தட்டு சுழற்றும் டிஜே ஸ்காட் லா ராக். இவர்களோடு டி-நைஸ் என்ற பதின்வயதுப் பையனும் உண்டு. 'பூகி டவுன்' என்பது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர்.

கேஆர்எஸ்னா கிருஷ்ணானு ஒருத்தர் சொன்னார். சும்மா அடிச்சு விடுறாரா?

இல்லை, உண்மைதான். அவருடைய சொந்தப் பெயர் லாரன்ஸ் பார்க்கர், பிறந்தது 1965-இல். பதின்வயதில் வீட்டை விட்டு வெளியேறி, தெருவிலும் வீடற்றோர் விடுதிகளிலும் காலத்தை ஓட்டியவர். பகல் முழுக்கப் பொது நூலகங்களில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அந்த நாட்களில் விடுதிக்கு வந்துபோன ஹரே கிருஷ்ணா இயக்கத்தாரோடு சதா பேசிக்கொண்டிருந்ததால், கூட இருந்தவர்கள் கேலியாகக் 'கிருஷ்ணா' என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. சுவர்களில் ஸ்பிரே பெயிண்டால் பெயர் எழுதும்போது அதைக் 'கேஆர்எஸ்-ஒன்' என்று சுருக்கிக்கொண்டார்.

'அறிவே ஏறக்குறைய எல்லார் மேலும் ஆட்சி செய்கிறது' என்ற பொருள் தரும் ஆங்கில விரிவாக்கம் ஒன்றையும் அந்த எழுத்துகளுக்குப் பொருத்திக்கொண்டார். அது பின்னால் வந்தது. முதலில் இருந்தது கிருஷ்ணன்தான்.

ஸ்காட் லா ராக் சமூகப் பணியாளராமே? அவருக்கு இந்த வேலை எதுக்கு?

ஸ்காட் லா ராக்கின் சொந்தப் பெயர் ஸ்காட் ஸ்டெர்லிங். வெர்மான்ட் மாநிலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவர், கூடைப்பந்து ஆட்டக்காரர். பகலில் பிராங்ஸில் வீடற்ற ஆண்களுக்கான விடுதி ஒன்றில் ஆலோசகர். இரவில் கிளப்களில் டிஜே. அந்த விடுதியில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் கேஆர்எஸ்-ஒன். அறிமுகம் அப்படித்தான் ஆனது.

அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரும், அந்தக் கோப்பில் பெயராக இருக்கும் ஒருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார்கள். துப்பாக்கி அட்டையைப் பார்க்கும் யாருக்கும் இது தோன்றாது. எனக்கு இந்த ஆல்பத்தில் முதலில் பிடித்த விஷயமே இதுதான்.

பிராங்ஸ்ல அப்படி என்ன இருக்கு? ஏன் இவ்வளவு ஊர்ப் பெருமை?

ஹிப்-ஹாப் பிறந்த இடம் அது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் ஒரு தங்கை பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு பார்ட்டி வைத்தாள். அண்ணன் இசைத்தட்டு சுழற்றினார். ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் வந்த அந்த அண்ணன்தான் கூல் ஹெர்க். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக அந்தத் தேதியைத்தான் சொல்வார்கள்.

அதே எழுபதுகளில் தெற்கு பிராங்ஸ் எரிந்துகொண்டிருந்தது. குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு விரைவுச்சாலை போட்டார்கள். வேலைகள் போயின. தெருத்தெருவாகக் கட்டடங்கள் தீயில் போயின. 1977-இல் அதிபர் கார்ட்டர் ஷார்லட் தெருவில் வந்து நின்றபோது, அவரைச் சுற்றிச் செங்கல் குவியல்தான் இருந்தது. எண்பதுகளின் நடுவில் கிராக் என்ற மலிவு விலைக் கோகெய்ன் வந்து மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஊரில் பெருமைப்பட மிஞ்சியிருந்தது 'இந்த இசை எங்களுடையது' என்பது ஒன்றுதான். அதிலும் பக்கத்து ஊர்க்காரன் பங்கு கேட்டால் விடுவார்களா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டைக் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

அட்டையப் பாத்தாலே ரௌடிப் பயலுக மாதிரி இருக்கே?

அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் எடுத்தார்கள். துப்பாக்கிகள், தோட்டாப் பட்டை, ஒரு கையெறி குண்டு. ராப் ஆல்பங்களின் அட்டையில் அதுவரை நகை, விளையாட்டு உடை, தொப்பி எல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி. பின்னால் வந்த எத்தனையோ துப்பாக்கி அட்டைகளுக்கு இதுதான் முன்னோடி.

ஆனால் அட்டையை மூடிவிட்டு முதல் பாட்டைப் போடுங்கள். அதன் பெயர் 'பொயட்ரி', அதாவது கவிதை. கேஆர்எஸ்-ஒன் தன்னை ஆசிரியர் என்றும், வகுப்பு தொடங்கிவிட்டது என்றும் சொல்கிறார். அடுத்தவனை அழிப்பது மட்டுமே தெரிந்தவனைப் பார்த்து, அது கவிதை இல்லை, பைத்தியக்காரத்தனம் என்கிறார். கையில் குண்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்தும் வாத்தியார். முரண்பாடுதான். ஆல்பம் முழுக்க அந்த முரண்பாடு ஓடுகிறது, அவர்கள் அதை மறைக்கவும் இல்லை.

அப்போ 'கிரிமினல்'னு பேர் வச்சது?

தலைப்புப் பாட்டைக் கேட்டால் தெரியும். குற்றக் கதை எதுவும் அதில் இல்லை. தன் எதுகையும் வேகமும் எதிராளியை எப்படி வீழ்த்தும் என்ற பெருமைப் பேச்சுதான் பெரும்பகுதி. நாங்கள் வன்முறையைப் பரப்பவில்லை, சும்மா ஜாலிக்குத்தான் என்று பாட்டிலேயே ஒரு வரி வருகிறது. பாட்டின் ஆரம்பத்தில் பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' மெட்டை இருவரும் கரகரவென்று பாடுவார்கள். சுருதி சேராது. குளியலறையில் பாடுவது மாதிரி இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

சரி, துப்பாக்கியப் பத்தி ஒரு பாட்டுமே இல்லையா?

இருக்கிறது. 'நைன் எம்எம் கோஸ் பேங்'. நைன் எம்எம் என்பது கைத்துப்பாக்கி. ஆல்பத்துக்குக் கேங்ஸ்டா ராப், அதாவது தெருக் கும்பலையும் குற்றத்தையும் பாடும் ராப், என்ற பெயர் வந்ததில் பாதிப் பங்கு இதற்கு. கதை இது: பீட்டர் என்ற கிராக் வியாபாரி, 'என் காதலியை நீ வைத்திருக்கிறாய்' என்று தகராறுக்கு வருகிறான். துப்பாக்கியை எடுக்கிறான். கதைசொல்லி முந்திக்கொண்டு சுட்டுவிடுகிறான். அப்புறம் பீட்டரின் ஆட்கள் பழிவாங்க வருகிறார்கள், அவர்களுக்கும் அதே கதி. நடுநடுவே தாலாட்டு மாதிரி ஒரு பல்லவி.

அந்தப் பல்லவிதான் பாட்டின் விஷமம். செத்துக்கொண்டிருப்பவனிடம் பாடுவதாக வருகிறது, அதுவும் கேட்பவர் கூடவே முணுமுணுக்கும்படி. நடந்த சம்பவத்தைச் சொல்லும் பாட்டு இல்லை, கற்பனைக் கதைதான். ஆனால் 'பெண் விஷயத் தகராறு' என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக்கு முந்தைய கேள்விகளில் அது மறுபடி வரும்.

கேங்ஸ்டா ராப்னா என்.டபிள்யூ.ஏ.தானே ஆரம்பிச்சாங்க?

இல்லை. காம்ப்டன் ஊரைச் சேர்ந்த அந்த ராப் குழு அதை நாடறியச் செய்தது. வரிசை இப்படி: பிலடெல்பியாவின் ஸ்கூலி டி 1985-இல் தன் ஊர் கும்பலின் பெயரையே தலைப்பாக வைத்து 'பி.எஸ்.கே.' பாடினார். லாஸ் ஏஞ்சல்ஸின் ஐஸ்-டி 1986-இல் 'சிக்ஸ் இன் த மார்னிங்' வெளியிட்டார். 1987-இல் 'கிரிமினல் மைண்டெட்', அதே ஆண்டில் ஐஸ்-டியின் முதல் ஆல்பம். என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' வந்தது 1988-இல். 'கேங்ஸ்டா ராப்' என்ற பெயரே அதற்கப்புறம்தான் புழக்கத்துக்கு வந்தது. 1987-இல் கேஆர்எஸ்-ஒன்னிடம் போய் 'நீங்கள் கேங்ஸ்டா ராப் பாடுகிறீர்களா' என்று கேட்டிருந்தால் அவருக்கே புரிந்திருக்காது.

அப்படினா இதைக் கேங்ஸ்டா ராப்னு சொல்லலாமா, கூடாதா?

கறாராக எண்ணினால் பத்தில் ஒன்றிரண்டு பாட்டுகளுக்கு மேல் அந்தப் பெயர் பொருந்தாது. 'நைன் எம்எம்' பொருந்தும். கிராக்குக்காக உடலை விற்கும் பெண்ணைப் பற்றிய 'பி இஸ் ஃப்ரீ' பாட்டின் ரீமிக்ஸ் ஓரளவு பொருந்தும். மற்றவை திறமைப் பேச்சு, ஊர்ச் சண்டை, கிண்டல்.

ஆனாலும் அந்த வகையின் வரலாற்றிலிருந்து இதை எடுத்துவிட முடியாது. தெருவில் நடப்பதைத் தெருக்காரனே 'நான்' என்று சொல்லிக் கதையாக்குவது, அதை நியாயப்படுத்தாமலும் மன்னிப்புக் கேட்காமலும் விடுவது, அட்டையில் ஆயுதத்தோடு நிற்பது. இந்த மூன்றும் ஒரே ஆல்பத்தில் சேர்ந்து வந்ததைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் பகுதியை விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் நிறைய.

அந்த 'பிரிட்ஜ்' சண்டை என்ன? எந்தப் பாலம்?

பாலம் இல்லை, குடியிருப்பு. நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குவீன்ஸில் பாலத்தை ஒட்டியிருக்கும் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பு. அங்கே வளர்ந்தவர்கள் தயாரிப்பாளர் மார்லி மார்லும் ராப்பர் எம்சி ஷானும். 1986-இல் இருவரும் 'த பிரிட்ஜ்' என்று தங்கள் இடத்தைப் பற்றி ஒரு பாட்டுப் போட்டார்கள். அவர்களுடைய ஆட்களில் வானொலித் தொகுப்பாளர் மிஸ்டர் மேஜிக்கும் ஒருவர். அவர் தங்கள் பாட்டை மட்டமாகச் சொல்லி ஒதுக்கிவிட்டார் என்று கேஆர்எஸ்-ஒன்னுக்கும் ஸ்காட்டுக்கும் ஏற்கெனவே கோபம்.

பதிலுக்கு வந்தது 'சவுத் பிராங்ஸ்'. செடார் பூங்கா, கூல் ஹெர்க், பம்பாட்டா, ஃப்ளாஷ் என்று பிராங்ஸின் இடமும் முன்னோடி டிஜேக்களுமாக அடுக்கி, ஹிப்-ஹாப் எங்கே பிறந்தது என்று வம்சாவளி படிக்கிற பாட்டு. வானொலியில் டிஜே ரெட் அலர்ட் அதைப் போட்டுப் போட்டு ஊதிவிட்டார். ஷான் 'கில் தட் நாய்ஸ்' என்று திருப்பி அடித்தார். அதற்கு மறுபதில்தான் 'த பிரிட்ஜ் இஸ் ஓவர்'. சுத்தமான எசப்பாட்டு. அதில் ஷானின் பூமா ஷூவைக்கூட விட்டுவைக்கவில்லை. பிராங்ஸ் படைத்துக்கொண்டே இருக்கிறது, குவீன்ஸ் போலி செய்துகொண்டே இருக்கிறது என்று ஓர் இடம் வரும். வாதம் எல்லாம் ஒன்றுமில்லை, சந்தம்தான் ஜெயிக்கிறது.

ஷான் நிஜமாவே குவீன்ஸ்லதான் ஹிப்-ஹாப் பிறந்ததுனு சொன்னாரா?

சொல்லவில்லை. பாட்டின் தொடக்கத்தில் 'எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்' என்கிற மாதிரி வருகிறது. அவர் சொன்னது குவீன்ஸ்பிரிட்ஜுக்குள் பாட்டுக் கச்சேரிகள் தொடங்கிய கதையை. ஷான் அன்றும் இன்றும் அப்படித்தான் விளக்குகிறார், பாட்டை நிதானமாகக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டைக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பிராங்ஸுக்காக வரிந்து கட்டிய கேஆர்எஸ்-ஒன் பிறந்தது புருக்ளினில். ஸ்காட் சின்ன வயதில் இருந்தது குவீன்ஸில். குவீன்ஸை வறுத்தெடுத்த இந்த ஆல்பத்தைப் பதிவு செய்த பவர் பிளே ஸ்டூடியோ இருந்ததும் குவீன்ஸில்தான், குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு இருக்கும் அதே லாங் ஐலண்ட் சிட்டியில்.

சவுண்டு ஏன் காலி டப்பாவத் தட்டுற மாதிரி இருக்கு? ரீமாஸ்டர் வாங்கணுமா?

வேண்டாம், அது அப்படித்தான். 'எஸ்பி-12' என்ற 12 பிட் டிரம் இயந்திரத்தின் குணம் அது. அதில் பழைய பாட்டுத் துண்டுகளைப் பதிந்துகொள்ளலாம், ஆனால் மொத்தமே சில நொடிகளுக்குத்தான் இடம். அதனால் நீளமான துண்டு வைக்க முடியாது. ஒரு டிரம் அடி, ஒரு கிட்டார் வெட்டு, ஒரு கூச்சல் என்று நறுக்கி நறுக்கிச் சேர்க்க வேண்டும். நறுக்கின இடங்களில் மிஞ்சும் வெற்றிடம்தான் உங்களுக்கு டப்பா மாதிரி கேட்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் குரல் நிமிர்ந்து நிற்கிறது.

இந்த நறுக்கு வேலையில் பெரும்பங்கு அல்ட்ராமேக்னெட்டிக் எம்சிஸ் குழுவின் செட்-ஜீ என்பவருடையது. அட்டையில் அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது அவரைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்காது.

அப்போ மெட்டெல்லாம் திருட்டா?

அன்றைக்கு யாரும் அதைத் திருட்டாகப் பார்க்கவில்லை. அனுமதி வாங்கி, பணம் கட்டி அடுத்தவர் பாட்டிலிருந்து துண்டு (சாம்பிள்) எடுக்கும் வழக்கம் சரியாக வேரூன்றாத காலம். 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் சம்பந்தப்பட்ட வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எல்லாரும் வழிக்கு வந்தார்கள்.

இந்த ஆல்பத்தில் 'சவுத் பிராங்ஸ்' ஜேம்ஸ் பிரவுனிடம் எடுத்தது. 'டோப் பீட்' ராக் குழுவான ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' கிட்டாரை அப்படியே தூக்கி வைத்தது, முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். 'ஹே ஜூட்' பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

சில பாட்டுல ரெகே வாடை அடிக்குதே?

வாடை இல்லை, ரத்தம். பிராங்ஸில் ஜமைக்கா மக்கள் ஏராளம். கூல் ஹெர்க் கதையை ஏற்கெனவே பார்த்தோம். ஆனால் ராப்புக்குள் ஜமைக்கப் பேச்சையும் டான்ஸ்ஹால் என்ற அந்த ஊர் ஆட்ட இசையின் இழுப்பையும் இவ்வளவு தைரியமாகக் கொண்டுவந்தவர்களில் கேஆர்எஸ்-ஒன் முக்கியமானவர். 'பி இஸ் ஃப்ரீ' ரீமிக்ஸில் ஜமைக்கப் பாடகர் யெல்லோமேனின் புகழ்பெற்ற 'ஸங்குஸங்கு' மெட்டு வரும். 'பிரிட்ஜ் இஸ் ஓவர்' பாட்டின் அடித்தளம் இன்னொரு ஜமைக்கப் பாடகர் சூப்பர் கேட்டின் 'பூப்ஸ்'. அதற்கு மேலே வெள்ளைக்காரப் பாடகர் பில்லி ஜோயலின் ராக் பாட்டு மெட்டில் வசவு.

அந்தப் பாட்டை ஒருமுறை ஹெட்ஃபோனில் கேளுங்கள். டிரம், கட்டைக் குரலில் நாலைந்து பியானோ சுரங்கள், ஒரு மனிதன். வேறு எதுவுமே இல்லை. பியானோ தெரிந்தவன் வாசிக்கிற மாதிரி இருக்காது, கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

இங்கிலீஷ் சரியா புரியல. எந்தப் பாட்டுல ஆரம்பிக்கட்டும்?

'சவுத் பிராங்ஸ்'. கூடவே கத்துவதற்குப் பல்லவி இருக்கிறது, பெயர்கள்தான் அதிகம். அடுத்து 'பிரிட்ஜ் இஸ் ஓவர்', அப்புறம் 'பொயட்ரி'. 'நைன் எம்எம்' ஜமைக்கப் பேச்சில் இருப்பதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே தடுமாறும், கவலைப்படாதீர்கள்.

பொம்பளைங்களப் பத்தி ரொம்பக் கேவலமா வருதே, இதையும் ரசிக்கணுமா?

வேண்டாம். 'சூப்பர்-ஹோ' பாட்டை நான் தாண்டிவிடுவேன். கிராக்கில் சீரழியும் பெண்ணைப் பற்றிய பாட்டில் அவள்மேல் இரக்கத்தைவிட ஏளனம்தான் தூக்கல். 'பிரிட்ஜ் இஸ் ஓவர்' பாட்டில் குவீன்ஸ்பிரிட்ஜின் ராப்பர் ராக்ஸான் ஷான்டேவைப் பற்றி வரும் வரி அசிங்கம். அப்போது அவருக்கு வயது 17. 'காலம் அப்படி' என்று சிலர் சமாளிப்பார்கள். எதிராளியான ஆண்களுக்கு ஷூவைப் பற்றிய கிண்டல், பெண்ணுக்கு மட்டும் படுக்கையைப் பற்றிய வசவு. இதற்குக் காலம் என்ன செய்யும்?

ஸ்காட்டைக் கொன்னது குவீன்ஸ் ஆளுங்கதானே?

இல்லவே இல்லை. பாட்டுச் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அதிகமாகப் பரவியிருக்கும் தப்பான கதை இதுதான்.

நடந்தது பிராங்ஸுக்குள். டி-நைஸுக்கும் வேறு சிலருக்கும் ஒரு பெண் விஷயமாகத் தகராறு, மிரட்டல். அவனுக்கும் அப்போது 17 வயது. பேசித் தீர்க்கலாம் என்று ஸ்காட் நண்பர்களோடு ஜீப்பில் ஹைபிரிட்ஜ் குடியிருப்புப் பக்கம் போனார். ஆலோசகர் அல்லவா, தகராறைப் பேசித் தீர்ப்பதுதானே அவர் பகல் நேரத்துத் தொழில். அங்கே யாரோ சுட்டார்கள். ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஸ்காட் மேல் தோட்டா பாய்ந்தது. 1987 ஆகஸ்ட் 27 அன்று இறந்தார். வயது 25. ஆல்பம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இருவர் கைதானார்கள், வழக்கில் விடுதலையும் ஆனார்கள்.

'நைன் எம்எம்' கதையில் தகராறுக்குக் காரணம் என்ன என்று மேலே போய் மறுபடி பாருங்கள்.

அப்போ அந்த மாதிரிப் பாட்டுதான் அவரைக் கொன்னுச்சுனு சொல்லலாமா?

அன்றைக்கே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. பாட்டு வருவதற்கு முன்பே அந்தத் தெருக்களில் துப்பாக்கி இருந்தது, கிராக் இருந்தது, பெண் விஷயத் தகராறும் இருந்தது. இன்னொன்று, ஸ்காட் அங்கே போனது சுடுவதற்கில்லை.

ஆனால் கேஆர்எஸ்-ஒன் இந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். 1988-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் 'ஸ்டாப் த வயலன்ஸ்' என்றே ஒரு பாட்டு. அதே ஆண்டு லாங் ஐலண்டில் ஒரு ராப் நிகழ்ச்சியில் இளம் ரசிகர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கேஆர்எஸ்-ஒன் முன்னின்று சேர்த்த ராப்பர்கள் குழு 1989-இல் 'செல்ஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' பாட்டை வெளியிட்டது. வசூல் கறுப்பின மக்களுக்காகப் பாடுபடும் நேஷனல் அர்பன் லீக் அமைப்புக்குப் போனது.

ஆனா ரெண்டாவது ஆல்பம் அட்டையிலயும் துப்பாக்கியோடதான நிக்கிறாரு?

நிற்கிறார். அது கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் கையில் துப்பாக்கியோடு ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் புகைப்படத்தின் மறு ஆக்கம். அந்தப் படத்தில் இருப்பவர் தன் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார். முதல் அட்டையில் கேமராவைப் பார்த்து நின்றவர், இரண்டாவதில் தெருவைப் பார்க்கிறார். இருந்தாலும் உள்ளே 'வன்முறையை நிறுத்து' என்று பாடிவிட்டு வெளியே துப்பாக்கி எதற்கு என்று நீங்கள் கேட்டால், என்னிடம் முழுப் பதில் இல்லை. குண்டு வைத்திருக்கும் வாத்தியாரைப் பற்றி முன்பே சொன்னதுதான்.

குவீன்ஸ் ஆளுங்களும் இவரும் சமாதானம் ஆனாங்களா?

ஆனார்கள். தொண்ணூறுகளில் கேஆர்எஸ்-ஒன்னும் எம்சி ஷானும் குத்துச்சண்டை மேடையில் எதிரெதிரே நின்று ஸ்ப்ரைட் குளிர்பான விளம்பரத்தில் ராப் பாடினார்கள். பழைய பகை அப்போதே காசாகிவிட்டது. 2007-இல் கேஆர்எஸ்-ஒன்னும் மார்லி மார்லும் சேர்ந்து 'ஹிப் ஹாப் லிவ்ஸ்' என்று ஒரு முழு ஆல்பமே போட்டார்கள். ஸ்காட் இறந்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.